ஹட்டன் பட்டறையில் செய்யப்படும் மங்கனின் ஷன்ட்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

ஹட்டன் நகரின் பிரதான வீதியிலிருந்து ஒதுங்கிய ஒரு குறுக்குச் சந்தில் பெயர்ப்பலகை இல்லாத சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. எரிந்துபோன மோட்டர்களுக்குக் காயில் கட்டுவதே அங்கு அன்றாட வேலை என்றாலும், நேரோட்ட மின்னோட்டத்தை அளப்பதற்கான ஷன்ட்டுகளையும் அங்கேயே வெட்டி, பற்றாசு பிடித்து, அளந்து, அளவைப் பொறித்து விற்கிறார்கள். தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் நான் பொருத்திக்கொடுத்த சூரிய மின் பற்றரிகளிலும், ஓடையொன்றில் இயங்கும் சிறிய நீர்மின் அமைப்பிலும் அந்தப் பட்டறையின் ஷன்ட்டுகளே இருக்கின்றன. 100 அம்பியர் வரையிலானவற்றைத் தாராளமாக வாங்கலாம் என்பதும், 300 அம்பியர் அளவை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதும் என் முடிவு. இரண்டுக்கும் காரணம் பொருள் செய்யப்படும் முறையிலேயே இருப்பதால், அந்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஷன்ட் என்பது மிகக் குறைந்த, ஆனால் மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒரு தடை. பற்றரியின் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே செல்லும். அப்போது அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் சிறிய அழுத்த வித்தியாசத்தை மீற்றர் வாசித்து, அம்பியராக மாற்றிக் காட்டும். பட்டறையில் அதிகம் விற்பனையாவது 100 அம்பியருக்கு 75 மில்லிவோல்ற்று தரும் வகை. அதாவது 0.75 மில்லியோம். இவ்வளவு சிறிய தடையில் எல்லாமே பிழையாக வந்து சேரும் என்பதுதான் இந்தப் பொருளின் சிக்கல். நன்றாக இறுக்காத ஒரு நட்டும் வாஷரும் சேர்ந்து 0.05 மில்லியோம் தடையைத் தந்தால், சாதாரண வயரிங் வேலையில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஷன்ட்டில் அதுவே 6 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிழை. கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழிக்காமல் கணக்கெழுதுவது போன்றதுதான் அது. எனவே மின்னோட்டம் உள்ளே வந்து வெளியே போகும் பெரிய போல்ட்டுகள் இரண்டும், அழுத்தத்தை வாசிக்கும் சிறிய திருகாணிகள் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். நான்கு முனை இணைப்பு என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில், பெரிய போல்ட்டின் தொடுதடை எவ்வளவாக இருந்தாலும் அது வாசிப்புக்குள் வராது. தரமான ஷன்ட் எது, பேருக்கு ஷன்ட் எது என்பதை அந்தச் சிறிய திருகாணி எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

மீதிப் பாதி, நடுவில் இருக்கும் உலோகத் தகட்டைப் பொறுத்தது. செப்பின் தடை, வெப்பநிலை கூடும் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. செப்புத் துண்டொன்றை ஷன்ட்டாக வைத்து, அது 25 பாகையிலிருந்து 75 பாகைக்குச் சூடேறினால், அதே மின்னோட்டத்துக்கு மீற்றர் ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டிக் காட்டும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் மின் மீற்றர்களைச் செய்த எட்வர்ட் வெஸ்டன். 1892 இல் அவர் உருவாக்கிய மங்கனின் என்ற கலப்புலோகத்தில் செப்பு ஏறத்தாழ 84 சதவீதம், மங்கனீசு 12 சதவீதம், மீதி நிக்கல். அறை வெப்பநிலையை ஒட்டி அதன் தடை மாறுவதில்லை என்றே சொல்லலாம். தடைக்கும் வெப்பநிலைக்கும் வரைபு கீறினால், அறை வெப்பநிலையை அண்டி ஓர் உச்சியைத் தொட்டு, இருபுறமும் மெல்லச் சரியும் வளைகோடுதான் கிடைக்கும். தை மாதத்து நுவரெலியாவில் பனி கொட்டும் விடியற்காலை 5 பாகையிலும் அதன் தடை 0.02 சதவீத அளவே குறையும். பற்றரிப் பெட்டிக்குள் 85 பாகை வரை சூடேறினாலும் குறைவு 0.2 சதவீதத்தைத் தாண்டாது. காலையில் குளிர்ந்தும் நண்பகலில் தகரக் கூரையின் கீழ் வெந்தும் கிடக்கும் நம் பக்கத்துப் பற்றரிப் பெட்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் வேறில்லை.

சந்தையில் கிடைக்கும் மலிவான இறக்குமதி ஷன்ட்டுகள் பலவற்றின் உறையிலும் மங்கனின் என்றே எழுதியிருக்கும். அவற்றை நம்புவதற்கு முன் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனையொன்று உண்டு. ஷன்ட்டை எந்த மின்சுற்றிலும் இணைக்காமல், அதன் சிறிய திருகாணிகளில் மில்லிவோல்ற்று மீற்றரை மட்டும் பொருத்தி, ஒரு பக்கத்துப் பித்தளைக் கட்டையை ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலால் சூடாக்க வேண்டும். இரு வேறு உலோகங்களின் பொருத்துகள் இரு வேறு வெப்பநிலைகளில் இருந்தால் அங்கே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். செப்போடு சேர்ந்த மங்கனினில் அது பாகைக்கு 1 மைக்ரோவோல்ற்று அளவே; செப்பும் நிக்கலும் மட்டும் கலந்த கொன்ஸ்டன்டனில் பாகைக்கு 40 மைக்ரோவோல்ற்று. ஆக, 50 பாகை வித்தியாசத்தில் மங்கனின் தகடு மீற்றரின் கடைசி இலக்கத்தைக்கூடச் சரியாக அசைக்காது; கொன்ஸ்டன்டன் என்றால் 2 மில்லிவோல்ற்று நின்றுவிடும். இணையவழியில் நான் வாங்கிய ஒரு 100 அம்பியர் ஷன்ட் இந்தச் சோதனையில் 2 மில்லிவோல்ற்றைத் தொட்டது. பகலில் இன்வேர்ட்டர் இழுத்த பெரிய மின்னோட்டத்தில் ஒரு பக்கம் சூடாகி, அந்திக்குப் பின் இரண்டு பல்புகள் மட்டும் எரியும் நேரத்தில் இப்படிப்பட்ட ஷன்ட்டை வாசித்தால், இல்லாத மின்னோட்டத்தை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் அது காட்டும். பற்றரியில் எவ்வளவு மீதி என்று கூட்டிக் கழித்துச் சொல்லும் மீற்றருக்கு அந்தப் பிழை மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பட்டறையின் ஷன்ட்டுகளை நான் வாங்கும்போதெல்லாம் இதே சோதனையைச் செய்கிறேன். இதுவரை ஒன்றும் தவறவில்லை.

தகடு எங்கிருந்து வருகிறது என்று பட்டறை அண்ணனிடம் கேட்டதுண்டு. பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வரவழைத்த 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு. கொஞ்சம், பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் சுவிட்ச் போர்ட்டுகளிலிருந்து கழற்றப்பட்டு இரும்புக் கடைக்கு வந்த பழைய ஷன்ட்டுகளிலிருந்து எடுத்தது. 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே நம் மலையகத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓடை நீரால் சுழலும் சுழலிகள் இருந்தன. மின்னாக்கிகளும் அளவிகளும் அவற்றோடு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்துத் தகடுகள் பழையவை என்பதாலேயே விரும்பத்தக்கவை என்பது அவருடைய கருத்து. அதை நான் ஏற்கிறேன். நீண்டகாலம் சூடேறி ஆறிய மங்கனின் தன் தடையை மேலும் மாற்றிக்கொள்வதில்லை.

இனிச் செய்முறை. இரண்டு மங்கனின் பட்டைகளைத் தலா 12 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டி, இரு பித்தளைக் கட்டைகளிலும் வாளால் அறுத்த பள்ளங்களுக்குள் செருகுகிறார்கள். கட்டைகளுக்கு நடுவே 40 மில்லிமீற்றர் பட்டை வெளியே தெரியும். மங்கனினின் தடைத்திறன் 0.43 மைக்ரோ ஓம் மீற்றர் என்று எடுத்துக் கணக்கிட்டால், இந்த அளவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.717 மில்லியோம். தேவையோ 0.75. இந்தக் குறைவு வேண்டுமென்றே விடப்படுவது. ஏன் என்பது பின்னால் தெரியும்.

பட்டையைக் கட்டையோடு இணைப்பது வெள்ளிப் பற்றாசு. சாதாரண ஈயப்பற்று 183 பாகையிலேயே உருகிவிடும் என்பதால், மின்னோட்டம் ஒருமுறை எல்லை மீறினாலே இணைப்பு இளகி, அதன்பின் தடை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிப் பற்றாசோ 600 பாகைக்கு மேல்தான் உருகும். ஆனால் அதைச் சரியாகப் பிடிப்பது கைவந்த கலைஞருக்கே முடியும். மங்கனீசு கலந்த உலோகம் சூடேறியவுடன் மேற்பரப்பில் ஒட்சைட்டு படிந்துவிடும். அது படிந்த இடத்தில் பற்றாசு ஓடாது. அண்ணன் பட்டையின் முனையை உப்புத்தாளால் தேய்த்த கையோடு பற்றாசுப் பசையைப் பூசி, தீச்சுவாலையைப் பட்டையில் படவிடாமல் தடித்த பித்தளைக் கட்டையிலேயே பிடித்து, கட்டையின் சூட்டாலேயே பற்றாசு உருகிப் பள்ளத்தின் அடிவரை இறங்கும்படி செய்கிறார். மறுபக்கத்தில் வெள்ளிக் கோடு ஒன்று முழு அகலத்துக்கும் மின்னித் தெரிந்தால்தான் அந்த முனை தேறியது. பாதி அகலத்தில் மட்டும் பற்றாசு ஏறிய துண்டை மீண்டும் சூடாக்கிச் சரிக்கட்டாமல் ஒதுக்கி வைத்துவிடுகிறார். அப்படி ஒதுக்கிய துண்டுகள் நிறைந்த தகர டின் ஒன்று மேசையின் கீழே இருக்கிறது; அந்த டின்னைப் பார்த்த பிறகுதான் பட்டறைமீது எனக்கு நம்பிக்கை பிறந்தது. கட்மியம் கலந்த பற்றாசுக் கம்பி மலிவாகவும் எளிதாக ஓடுவதாகவும் இருந்தாலும் அதன் புகை நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதால், கட்மியம் இல்லாத கம்பியையே அங்கே பாவிக்கிறார்கள். உதவிக்கு நிற்கும் இளைஞர்களின் உடல்நலத்தை நினைத்துக் கூடுதல் செலவை ஏற்கும் பட்டறை என்பதையும் என் மதிப்பீட்டில் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

பற்றாசு பிடித்த கையோடு அளந்து விற்றுவிட்டால் வேலை கெட்டுப்போகும். வெட்டியதாலும் வளைத்ததாலும் சூடாக்கியதாலும் உலோகத்துக்குள் இறுகி நிற்கும் தகைப்பு மாதக்கணக்கில் மெல்லத் தளரும். தளரத் தளரத் தடையும் நகரும். அதனால் ஷன்ட்டுகளைப் பழைய மின் போறணை ஒன்றில் 140 பாகையை ஒட்டிய சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்து ஆறவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களும் மங்கனின் தடைகளை நிலைப்படுத்தக் கைக்கொள்ளும் வழிதான் இது. வெளியே எதுவும் தெரியாத இந்தப் படியை அவசரக்காரர் எளிதாகத் தவிர்த்துவிடலாம். வாடிக்கையாளர் எவ்வளவு நெருக்கினாலும் இந்தப் பட்டறை தவிர்ப்பதில்லை. பொருள் கைக்கு வரத் தாமதமாவதற்கு இதுவே முதன்மைக் காரணம், அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை.

அதன் பின்னர்தான் அளவு சரிசெய்தல், இந்த வேலையின் உயிர்நாடி. அளவுதிருத்தச் சான்றிதழோடு வந்த ஆய்வுகூட ஷன்ட் ஒன்றை அண்ணன் மூலத்தரமாக வைத்திருக்கிறார். அதையும் புதிய ஷன்ட்டையும் தொடராக இணைத்து, பெரிய பற்றரி ஒன்றிலிருந்து தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்திய தடைக்கம்பிச் சுருள் வழியாக 50 அம்பியர் அளவில் மின்னோட்டத்தை ஓடவிடுகிறார். தொடரில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம்தான் என்பதால், பற்றரி சற்று இறங்கினாலும் ஏறினாலும் இரு மில்லிவோல்ற்று வாசிப்புகளுக்கிடையிலான விகிதம் மாறாது. அந்த விகிதத்தையே அவர் பார்க்கிறார். புதிய துண்டு முதலில் 35.8 மில்லிவோல்ற்றை ஒட்டிக் காட்டும். சேரவேண்டிய இடம் 37.5. பட்டையின் ஓரத்தை அரத்தால் மெல்லத் தேய்க்கத் தேய்க்கக் குறுக்குவெட்டுப் பரப்புக் குறைந்து தடை கூடும். “அரத்தால் தடையைக் கூட்டலாம் தம்பி, குறைக்க முடியாது” என்று அவர் சொன்னது, ஏன் குறைவாகத் தொடங்குகிறார் என்ற என் கேள்விக்கான விடை. எல்லை தாண்டிப்போன துண்டின் மீது ஈயத்தைப் பூசித் தடையைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு; மங்கனினின் சிறப்பு முழுவதையும் அது கெடுத்துவிடும். இங்கே அப்படிப்பட்ட துண்டும் மேசையடி டின்னுக்கே போகிறது. கடைசி 0.2 மில்லிவோல்ற்றுக்கு வந்ததும் பெரிய அரத்தை வைத்துவிட்டு ஊசி அரத்தை எடுக்கிறார். இரண்டு தேய்ப்பு, பட்டையின் மேல் ஈரத்துணி, சூடு தணியும்வரை பொறுமை, பிறகு வாசிப்பு, பென்சிலால் ஒரு குறிப்பு. அரத்தின் உராய்விலேயே பட்டை சூடாகிவிடுவதால் அந்தப் பொறுமை தேவை. இரு பட்டைகளையும் ஒரே அளவுக்குத் தேய்ப்பதையும் கவனித்தேன். ஒன்றை மட்டும் தேய்த்தாலும் அளவு சரியாக வந்துவிடும், ஆனால் அதன்பின் இரண்டும் ஒரே அளவு மின்னோட்டத்தைச் சுமக்காது.

வாங்கிய ஷன்ட்டுகளை, தொழில்நுட்பக் கல்வி கற்பிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்த ஆய்வுகூட ஷன்ட்டோடு தொடராக இணைத்து நானும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 100 அம்பியர் வகைகள் பொறிக்கப்பட்ட அளவுக்கு 0.4 சதவீதத்துக்குள் நின்றன. 66 அம்பியரை நீண்ட நேரம் ஓடவிட்டு, கட்டையில் கை வைக்க முடியாத சூடு வந்த பிறகும் விகிதத்தின் மாற்றம் 0.1 சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. அரை சதவீத ஷன்ட் என்றுதான் பட்டறை சொல்கிறது. சொன்னதைவிடச் சற்று நன்றாகவே இருக்கிறது. 66 என்ற எண்ணைத் தெரிந்தேதான் எடுத்தேன்: 100 அம்பியர் என்று பொறித்த ஷன்ட்டில் தொடர்ந்து ஓடவேண்டிய மின்னோட்டம் அதன் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. முழு 100 அம்பியரில் அது 7.5 வாற்று வெப்பத்தை வெளியிடும். 66 அம்பியரில் 3.3 வாற்றுத்தான். 1,200 மீற்றருக்கு மேலேயுள்ள நம் ஊர்களில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் வெப்பத்தைக் கொண்டுசெல்லும் திறனும் சற்றுக் குறைவே. காற்றின் குளிர்ச்சி அதைப் பெருமளவு ஈடுசெய்கிறது என்றாலும், மூடிய பெட்டிக்குள் அந்தக் குளிர்ச்சியை நம்பியிருக்க முடியாது.

300 அம்பியர் வகைக்கு என் ஆதரவு இல்லை. அதில் நான்கு பட்டைகள் அகலமான கட்டையொன்றில் வரிசையாக நிற்கின்றன, ஆனால் கட்டையின் தடிப்பு 100 அம்பியர் வகையில் உள்ளதேதான். இவ்வளவு குறைந்த தடையில் பித்தளைக் கட்டையின் தடையையே புறக்கணிக்க முடியாத நிலை வந்துவிடுகிறது. போல்ட்டுக்கு அருகில் இருக்கும் பட்டைகள் கூடுதலாகவும் ஓரப் பட்டைகள் குறைவாகவும் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. கேபிளின் லக்கை, அதாவது போல்ட்டில் பூட்டுவதற்காகக் கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காதை, கட்டையின் மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறத்துக்கு மாற்றி இறுக்கியபோதே வாசிப்பு 2 சதவீதத்துக்கும் மேலாக நகர்ந்தது. அப்படியானால் பட்டறை மேசையில் எவ்வளவு கவனமாக அரம் போட்டுச் சரிசெய்தாலும், வாங்கியவர் தன் இடத்தில் லக்கை வேறு விதமாகப் பொருத்திய கணமே அந்த அளவு செல்லாததாகிவிடுகிறது. கட்டையைத் தடிப்பாக்குவதும், மின்னோட்டம் எல்லாப் பட்டைகளுக்கும் சமமாகப் பரவுவதற்கு போல்ட்டுக்கும் பட்டைகளுக்கும் இடையே போதிய நீளம் விடுவதும், வாசிப்புத் திருகாணியை நடுப் பட்டைகளுக்கு நேராக அமைப்பதும் இதற்கு வழி. இதையெல்லாம் அண்ணனிடமே பேசினேன். பித்தளையின் விலைதான் கையைக் கட்டுகிறது என்றார்; ஆனால் பிழையை மறுக்கவில்லை, தன் மேசையிலேயே லக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். பெரிய இன்வேர்ட்டருக்கு 500 அம்பியருக்கு 50 மில்லிவோல்ற்று தரும் ஷன்ட் தேவைப்படுவோர், பற்றரி மீற்றரோடு சேர்த்தே வரும் பெரிய நிறுவனத்தின் ஷன்ட்டையே வாங்கட்டும். வெறும் 0.1 மில்லியோம் கொண்ட அந்த அளவில், கைவேலையைவிடச் செப்பையும் மங்கனினையும் எலக்ட்ரோன் கற்றையால் உருக்கி இணைக்கும் தொழிற்சாலை முறையே நம்பகமானது.

சிறு குறைகளும் உண்டு. பற்றாசுப் பசையின் மீதி ஒரு துண்டின் பள்ள ஓரத்தில் கழுவப்படாமல் இருந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அந்த மீதி, நாள் முழுவதும் மூடுபனி இறங்கும் பொகவந்தலாவையில் சில வாரங்களிலேயே பச்சைக் களிம்பாகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் போய்விடக்கூடியதுதான் என்றாலும், அது பட்டறையில் முடியவேண்டிய வேலை. பித்தளைக் கட்டைகளுக்கு நிக்கல் பூச்சு இல்லாததால் லக்கை இறுக்கும் முன் மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தமாக்கி, இறுக்கிய பின் வெளியே வஸலின் பூசுவது அவசியம். அளந்த பெறுமானத்தைப் பென்சிலால் எழுதிய சிறு துண்டுக் காகிதத்தில் தருகிறார்கள். ஈரக்கையால் பிடித்தாலே அழிந்துவிடும். கட்டையில் பொறிக்கப்படுவது 100 அம்பியர், 75 மில்லிவோல்ற்று என்ற பெயரளவு மட்டுமே. அளந்த பெறுமானத்தையும் ஒரு தொடர் எண்ணையும் பொறித்துக் கொடுத்தால், மீற்றரில் அந்த எண்ணையே பதிந்து மீதிப் பிழையையும் நீக்கிவிடலாம்.

சொந்தமாக மீற்றர் கட்டும் இளைஞர்கள் இப்பகுதியில் பெருகிவிட்டதால் அவர்களுக்காக ஒன்று. ஷன்ட்டின் அழுத்தத்தை வாசிக்கும் ஐஎன்ஏ226 என்ற சிறு மின்னணுச் சில்லின் வாசிப்பு எல்லை 81.92 மில்லிவோல்ற்று, 75 மில்லிவோல்ற்று ஷன்ட் அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். அதன் மிகச்சிறிய படி 2.5 மைக்ரோவோல்ற்று என்பதால் 0.75 மில்லியோமில் 3.3 மில்லியம்பியர் வரை பிரித்துக் காட்டும். ஆனால் இந்தச் சில்லு பொருத்தப்பட்டுக் கடையில் கிடைக்கும் மின்சுற்றுப் பலகைகளில் 0.1 ஓம் தடையொன்று முன்பே ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டே இந்த ஷன்ட்டின் வாசிப்புக் கம்பிகளை இணைக்க வேண்டும். அந்தக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசெல்வது இன்வேர்ட்டரின் இரைச்சலைக் குறைக்கும். ஷன்ட்டைப் பற்றரியின் எதிர் முனைப் பக்கம் வைப்பதே பாதுகாப்பு. நேர் முனையில் வைத்தே ஆகவேண்டுமென்றால் வாசிப்புக் கம்பிகள் இரண்டிலும் ஷன்ட்டின் அருகிலேயே சிறிய பியூஸ் போடாமல் இருக்கக் கூடாது. பட்டைகள் செங்குத்தாக நின்று, இடையே காற்று மேலெழும்பும்படி பொருத்துங்கள். வாசிப்புத் திருகாணியில் வேறு எந்தச் சுமையையும், ஒரு சிறு எல்ஈடி பல்பைக்கூட, இணைக்காதீர்கள். தொழிற்சாலையின் ஆடலோட்ட மோட்டர்களுக்கு இது ஏற்றதல்ல. அங்கே மின்னிணைப்பு இல்லாமல் காந்தப்புலத்தின் வழியாக அளக்கும் மின்னோட்ட மாற்றியே வேண்டும்.

100 அம்பியர் ஷன்ட்டுக்கு நான் கொடுத்தது 4,200 ரூபாய். அதே துல்லியத்தில் வெளிநாட்டு ஷன்ட் ஒன்றுக்குக் கொழும்பில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. இணையவழி மலிவுப் பொருளைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். சுவரில் மின்னும் இலக்கம் மட்டும் போதும் என்பவர்களுக்கு மலிவானதே போதும். பகல் முழுக்கச் சேர்த்த மின்சாரம் இரவு எத்தனை மணிவரை தாங்கும் என்று கணக்குப் பார்த்துப் பாவிக்கவேண்டிய குடும்பங்களுக்கு அது போதாது. ஆழமாக வடிந்து வடிந்து ஆயுள் முடியும் ஒரு பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் இந்த 4,200 ரூபாய் பெரிய தொகையல்ல.

ஓர்டர் கொடுக்கப் போகும்போது உங்கள் மீற்றர் எத்தனை மில்லிவோல்ற்றுக்கு முழு அளவு காட்டுகிறது என்பதை மீற்றரின் முகப்பிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். 50, 60, 75, 100 என்று பலவகை உண்டு, பட்டறையில் தயாராக இருப்பது 75 மட்டுமே. கேபிள் லக் ஒன்றையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால், அதே லக்கைப் போல்ட்டில் பூட்டி அளவைச் சரிசெய்து தருவார்கள்.